பனியில் கார் ஓட்டப் போகிறீர்களா? டயர் அகலம் முதல் சங்கிலி வரை முழு வழிகாட்டி

போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். என் அப்பா அப்படி ஒரு ஜீப்தான் ஓட்டினார். பழைய மகிந்திரா, 6.00-16 டயர், அதாவது அகலம் ஆறே அங்குலம். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதை முழங்கால் சேறாக இருக்கும்போது அந்த ஒல்லி டயரோடு மேலே ஏறிவிடுவார். ஒரு தடவை, "ஏம்ப்பா, நல்ல அகல டயரா மாட்டலாமே" என்று கேட்டேன். "சன்னமா இருக்குறதாலதான்டா சேத்தை அறுத்துக்கிட்டு அடியில இருக்குற கெட்டித் தரையப் பிடிக்குது. அகலமா இருந்தா மேலேயே நின்னு சுத்திக்கிட்டு இருக்கும்" என்றார். பிற்பாடு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஆறு குளிர்காலம் கார் ஓட்டியபோது இந்தப் பேச்சு எத்தனை தடவை ஞாபகம் வந்தது என்று எனக்கே கணக்கில்லை.

போடி, கம்பம், மூணாறு பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது கனடா, ஜெர்மனி என்று போகிறார்கள். செப்டம்பர் முடிந்தால் "அண்ணே, எந்த டயர் வாங்கணும், அகலமா ஒல்லியா" என்று போன் வரும். இன்னொரு கூட்டம் இங்கிருந்தே சொந்தக் காரில் மணாலி, காஷ்மீர் கிளம்புகிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து, வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஜெர்மனி போன புதிதில் ஒரு பழைய கார் வாங்கினேன். 225/40 ஆர்18 டயர், அதாவது அகலம் 225 மி.மீ., பளபளவென்று அலாய் வீல், விற்றவர் "டயர் புதுசு" என்றார், புதுசுதான், ஆனால் கோடை டயர். நவம்பர் கடைசியில் முதல் பனி விழுந்தது. மூன்று சென்டிமீட்டர்கூட இருக்காது. ஒரு சின்ன இறக்கம், கீழே சந்திப்பு, வேகம் 20 தான். பதினைந்து மீட்டருக்கு முன்னாலேயே பிரேக் மிதித்தேன். பெடல் கடகடவென்று அதிர்கிறது, கார் நிற்கவே இல்லை, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் நேராகவே போகிறது. சந்திப்பைத் தாண்டி ஓரக்கல்லில் மோதி ரிம் நெளிந்தது. குறுக்கே யாரும் வராதது மட்டும்தான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த நல்லது. போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் மழையில் இறங்கிப் பழகியவன் நான். அந்தப் பழக்கம் எதுவும் அங்கே கைகொடுக்கவில்லை.

முதல் வேலை: எந்தப் பனி என்று பாருங்கள்

நம் மொழியில் மார்கழிக் காலையில் புல்லில் நிற்கும் துளியும் பனி, மூணாறில் ஜனவரியில் செண்டுவரைப் பக்கம் தேயிலைமேல் வெள்ளையாகப் படிவதும் பனி, கனடாவில் முழங்கால் உயரம் கொட்டுவதும் பனி. டயருக்கு இது சரிப்படாது. ரோட்டில் கிடப்பதை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

புதுப் பனி, பஞ்சு மாதிரி கிடக்கும். வண்டிகள் ஓடி ஓடி இறுகிய பனி. உப்பு தூவியதால் பாதி கரைந்து கூழாகக் கிடக்கும் சகதிப் பனி. கடைசியாக ஐஸ், அதிலும் தார் ரோட்டின் நிறமே தெரியும்படி கண்ணாடி மாதிரிப் படர்ந்திருக்கும் ஐஸ். பாலத்தின் அடியிலும் குளிர்காற்று போவதால் பக்கத்து ரோடு ஈரமாக இருக்கும்போதே பாலத்தின்மேல் இது வந்துவிடும்.

அகலம் முக்கியமா இல்லையா என்ற கேள்விக்கு இந்த நான்குக்கும் ஒரே பதில் கிடையாது. அதனால்தான் ஒருவர் ஒல்லி என்கிறார், இன்னொருவர் அகலம் என்கிறார், ரெண்டு பேரும் தாங்கள் ஓட்டிய ரோட்டை வைத்துச் சரியாகவே சொல்கிறார்கள்.

அகலத்துக்கு முன்னால் ரப்பர்

நான் பார்த்தவரை நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு, அகலத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு ரப்பரைக் கேட்காமல் விடுவது. கோடை டயரின் ரப்பர் வெயிலுக்காகச் செய்தது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும். விண்டர் டயரில் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி கலவையே வேறு. ரோட்டைத் தொடும் பக்கத்தில் கட்டம் கட்டமாக இருக்கும் ரப்பர் பட்டன்களில் மெல்லிய கீறல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். டயர் உருளும்போது கீறல்கள் விரிந்து ஒவ்வொரு விளிம்பும் பனியைக் கடித்துப் பிடிக்கும். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் பனி இறுகி ஒட்டிக்கொள்ளும், அது அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் பனியைப் பனி நன்றாகப் பிடிக்கும். உருண்டை பிடித்து எறிந்து விளையாடியவர்களுக்குத் தெரியும்.

பிடிமானம் எவ்வளவு குறைகிறது என்று ஒரு மோட்டாக் கணக்கு. காய்ந்த ரோட்டில் 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் பிரேக் மிதித்தபின் 12, 13 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் அதே காருக்கு 40 மீட்டர் வேண்டும். ஐஸில் 100 மீட்டரை நெருங்கும். இந்த இடைவெளியில் நல்ல ரப்பர் சம்பாதித்துத் தருவதை எந்த அகலமும் தராது.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் தேடுங்கள்: மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். இந்தக் குறி இருந்தால் இறுகிய பனியில் இழுவைச் சோதனை செய்து தேறிய டயர். வெறும் 'எம்+எஸ்' என்று மட்டும் இருந்தால் அது சேறும் பனியும் என்று தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது, சோதனை தேவையில்லை. நம் ஊரில் விற்கும் எஸ்.யூ.வி. டயர்களில்கூட அந்த எழுத்து இருக்கும், அதை நம்பி மலையேறாதீர்கள். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து பனிக்கால ரோட்டுக்கு மலைக்குறி உள்ள டயர்தான் செல்லும். அங்கே தேதி வைத்துச் சட்டம் கிடையாது, ரோட்டில் பனியோ ஐஸோ இருந்தால் அந்த டயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சனங்கள் அக்டோபரில் மாட்டி ஈஸ்டருக்குக் கழற்றுவார்கள். கனடாவில் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். நம் ஆட்கள் அதிகம் இருக்கும் டொராண்டோ, ஒன்டாரியோ மாகாணத்தில் கட்டாயம் இல்லை, ஆனால் விண்டர் டயர் போட்டவருக்கு இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள். கட்டாயம் இல்லை என்பதற்காகப் போடாமல் இருக்காதீர்கள்.

இன்னொரு குழப்பம், அங்கே 'ஆல் சீசன்' என்று ஒன்று, 'ஆல் வெதர்' என்று ஒன்று விற்பார்கள். கேட்க ஒன்றுபோல இருக்கும். கனடாவில் ஆல் சீசனில் மலைக்குறி பெரும்பாலும் இருக்காது, ஆல் வெதரில் இருக்கும். பெயரை விட்டுவிட்டுக் குறியைப் பாருங்கள்.

இப்போது அகலம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் விஷயம் இருக்கிறது.

அகல டயர் என்றால் ரோட்டைத் தொடும் பரப்பு அதிகம் என்று எல்லோரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1200 கிலோ கார், ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. காற்று 32 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டேகால் கிலோ. 300-ஐ இரண்டேகாலால் வகுத்தால் 133 சதுர சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை. டயர் 195 ஆனாலும் 225 ஆனாலும், காற்று அதே அளவு இருந்தால் தொடும் பரப்பு ஏறத்தாழ இதுதான். மாறுவது வடிவம். 195 டயரில் அந்தப் பரப்பு ஏழு சென்டிமீட்டர் நீளத்துக்கு முன்பின்னாக நீண்டிருக்கும், 225-இல் ஆறு சென்டிமீட்டராகக் குறுகிப் பக்கவாட்டில் பரந்திருக்கும்.

நீளமான வடிவத்தில் என்ன லாபம்? முன்விளிம்பு பனியை ஒதுக்கி வழி செய்கிறது, பின்னால் வரும் பட்டன்கள் அந்த வழியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிக்கின்றன. அகல டயர் தன் முன்னால் அகலமான பனிச் சுவரைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். 195-க்கும் 225-க்கும் வித்தியாசம் 15 சதவீதம், பத்து சென்டிமீட்டர் பனியில் அந்தப் 15 சதவீதமும் முன்சக்கரத்துக்குக் கூடுதல் பாரம். சகதிப் பனியில் இன்னும் மோசம், கூழ் பக்கவாட்டில் வெளியேற நேரம் இல்லாமல் டயர் அதன்மேல் ஏறி மிதக்கும். ஜூன், ஜூலையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது அகல டயர் போட்ட கார் ஸ்டியரிங் லேசாகி மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிது இல்லை.

ஆக, அடியில் கெட்டித் தரை எட்டும் தூரத்தில் இருந்தால் ஒல்லி டயர் ஜெயிக்கும். அப்பாவின் ஜீப் கதைதான். சுவீடனில் நடக்கும் உலக ராலிப் போட்டியில் பனிக்கு மாட்டுவது ஆணி பதித்த ஒல்லி டயர், அதே கார் தார் ரோட்டுப் போட்டிக்குப் போகும்போது 18 அங்குல ரிம்மில் அகல டயருக்கு மாறிவிடும்.

தரை எட்டவே எட்டாது என்றால் கதை தலைகீழ். நாற்று நடும் முன் சேறடிக்கும்போது டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டுகிறோமே, எதற்கு? வெறும் டயர் புதைந்துவிடும் என்பதால் அகலத்தைக் கூட்டிப் பாரத்தைப் பரப்புகிறோம். ஐஸ்லாந்தில் பனிப்பாறைகளின் மேல் ஓட்டும் ஜீப்புகளில் 38, 44 அங்குல உயர டயர் மாட்டி, காற்றை ஐந்து பி.எஸ்.ஐ.க்கும் கீழே இறக்கிப் பனியின்மேல் மிதக்க விடுவார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு உங்கள் ஸ்விஃப்டுக்கு அகல டயர் போடாதீர்கள், நீங்கள் ஓட்டப்போவது பனி ஒதுக்கப்பட்ட ரோட்டில்.

இறுகிய பனியிலும் ஐஸிலும் அகலத்தால் பெரிய வித்தியாசம் வராது, அங்கே ரப்பரும் கீறலும்தான். சுத்தமான காய்ந்த ரோட்டிலும் ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும்போதும் அகல டயருக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நகரத்தில் இருப்பவர்கள் குளிர்காலத்தில் பெரும்பாலான நாள் ஓட்டுவது கரைந்த, ஈரமான ரோட்டில்தான். அதனால் என் முடிவு: கார் தயாரிப்பாளர் அனுமதித்த அளவுகளிலேயே ஒரு படி, அதிகம் போனால் இரண்டு படி குறுகலானதை எடுங்கள். அனுமதித்த அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

அளவைத் தேர்ந்தெடுப்பது

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர், காற்றின் அளவோடு டயர் அளவும் இருக்கும். கார் புத்தகத்தில் இன்னும் விரிவாக இருக்கும். ஐரோப்பாவில் காருக்கான இணக்கச் சான்றிதழில் அனுமதித்த அளவுகள் பட்டியலாகவே இருக்கும், பழைய கார் வாங்கும்போது அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

என் காருக்கு இருந்த பட்டியல்: 195/65 ஆர்15, 205/55 ஆர்16, 225/45 ஆர்17, 225/40 ஆர்18. முதல் எண் அகலம் மி.மீ.யில், இரண்டாவது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் அங்குலம். 195-இன் 65 சதவீதம் சுமார் 127 மி.மீ., மேலும் கீழுமாக இருமடங்கு 254, ரிம் 381, ஆக மொத்த உயரம் 635. அந்த 18 அங்குலத்துக்குப் போட்டால் 637 வருகிறது. உயரம் ஒன்றாக இருப்பதால்தான் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாமல் மாற்றி மாட்ட முடிகிறது. நீங்களே வேறு அளவு யோசித்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நான் 195/65 ஆர்15-ஐ ஸ்டீல் ரிம்மோடு வாங்கினேன். சின்ன அளவு டயர் விலை குறைவு. பக்கச் சுவர் உயரமாக இருப்பதால் பனிக்கடியில் மறைந்திருக்கும் குழியில் இறங்கினாலும் ரிம் தப்பிக்கும். உப்பு பட்டு அலாய் கெடுமே என்ற கவலை இல்லை. தனி ரிம் இருந்தால் ஒவ்வொரு சீசனும் டயரைக் கழற்றி மாட்டும் கூலியும் மிச்சம். ஒரு எச்சரிக்கை, பெரிய பிரேக் உள்ள மாடல்களில் சின்ன ரிம் உள்ளே நுழையாது, பிரேக் கேலிப்பர் இடிக்கும். அதற்கும் அந்தப் பட்டியலே பதில்.

அளவுக்குப் பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் பாரத்தையும் வேகத்தையும் குறிக்கும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். இது காருக்குச் சொன்னதைவிடக் குறையக் கூடாது. வேக எழுத்தில் டி (T) என்றால் மணிக்கு 190 கி.மீ., ஹெச் (H) என்றால் 210.

நான்கும் ஒன்றாக

காசு மிச்சம் பிடிக்க முன்னால் மட்டும் இரண்டு விண்டர் டயர் போடுகிறார்கள். "இன்ஜின் முன் சக்கரத்தைத்தானே இழுக்குது?" என்பார்கள். கார் கிளம்பும், சந்தேகமில்லை. இறக்கத்தில் வளைவில் பிரேக் மிதிக்கும்போது முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, கார் வாலைச் சுழற்றிக்கொண்டு திரும்பி நிற்கும். கொண்டை ஊசி வளைவில் இதை நினைத்துப் பாருங்கள். நான்கு சக்கர இழுவை உள்ள காரும் இதேதான். அது கிளம்ப உதவும், ஏற உதவும். நிற்பதற்கு எல்லாக் காருக்கும் நான்கு டயர்தான்.

பழைய டயர் வாங்கினால் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி பாருங்கள். 3522 என்றால் 2022-ஆம் வருடம் 35-ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டியதை நான் தொட மாட்டேன், பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். பட்டன் உயரம் சட்டப்படி பல நாடுகளில் 1.6 மி.மீ., நம் நாட்டிலும் அதுதான். பனிக்கு அது மொட்டை டயருக்குச் சமம். ஆஸ்திரியாவில் விண்டர் டயருக்கு 4 மி.மீ. என்று சட்டமே இருக்கிறது, எங்கே இருந்தாலும் அதையே உங்கள் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். ஆணி டயர் பின்லாந்து, சுவீடன் பக்கம் சாதாரணம், ஜெர்மனியில் தடை. போகும் நாட்டின் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாட்டும்போது சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் கவனியுங்கள். போல்ட்டை 50, 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

காற்று விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஒன்றரை, இரண்டு பி.எஸ்.ஐ. குறையும். 20 டிகிரி உள்ள கராஜுக்குள் 32 வைத்துவிட்டு மைனஸ் பத்தில் வெளியே நிறுத்தினால் 27 தான் காட்டும். வெளியே, வண்டி ஓடும் முன், குளிர்ந்த டயரில் அளந்து வையுங்கள். பனிக்குக் காற்றைக் குறைத்தால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது சிக்கிக்கொண்ட வண்டியை வெளியே எடுக்க மட்டும்.

டயர் போட்ட பிறகு முதல் பனி நாளில் ஆளில்லாத பெரிய பார்க்கிங் இடத்துக்குப் போங்கள். 20-இல் ஓட்டி பிரேக்கை முழுதாக மிதியுங்கள். ஏ.பி.எஸ்., அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் அமைப்பு, அதிரும்போது காலை எடுக்கக் கூடாது, அப்படியே மிதித்திருங்கள். எங்கே நிற்கிறது என்று இறங்கி எட்டு வைத்து அளந்து பாருங்கள். அந்தத் தூரம் மனதில் பதிந்தால், முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடம் விடணும் என்று கால் தானே பழகிக்கொள்ளும்.

இங்கிருந்து மணாலி, காஷ்மீர் போகிறவர்களுக்கு

நம் ஊர்க் காரில் இருப்பது வெயிலுக்கான டயர். அதோடு டிசம்பர், ஜனவரியில் பனி விழும் பாதையில் ஏறாதீர்கள். 2020-இல் அடல் சுரங்கம் திறந்த பிறகு மணாலியிலிருந்து லாஹௌல் பக்கம் போவது எளிதாகிவிட்டது என்று நம்பிப் போய், சுரங்கத்தின் மறுவாயில் இறங்கியதும் ஐஸில் வழுக்குகிறவர்கள் உண்டு. குல்மார்க் போக வேண்டுமென்றால் கீழே தங்மார்க்கில் காரை நிறுத்திவிட்டு வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றிச் சங்கிலி மாட்டிய உள்ளூர் வண்டியில் ஏறுங்கள். அந்த டிரைவர்கள் அந்த ரோட்டிலேயே வளர்ந்தவர்கள், நம் போடி ஜீப்காரர்கள் மாதிரி.

எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அலாயும் அகல டயரும் மாற்றியிருந்தால், கிளம்பும் முன் கம்பெனி அளவுக்கே திரும்பிவிடுங்கள். அகல டயருக்கும் உள்ளே இருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே சங்கிலி போக இடம் இருக்காது. சில கார் புத்தகங்களில் இந்த அளவுக்குச் சங்கிலி கூடாது என்றே எழுதியிருக்கும்.

சங்கிலி வாங்கினால் டயர் அளவு பார்த்து வாங்குங்கள். இழுக்கும் சக்கரத்தில் மாட்ட வேண்டும், முன்சக்கர இழுவை என்றால் முன்னால். மாட்டியதும் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். வேகம் 50-ஐத் தாண்டக் கூடாது. தார் தெரியும் ரோடு வந்ததும் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் சங்கிலி அறுந்து சக்கர வளைவைக் கிழிக்கும். விரல் மரத்துப்போகிற குளிரில், இருட்டில், பனிமேல் மண்டியிட்டு முதல் தடவையாக இதைச் செய்து பார்க்க நினைக்காதீர்கள். ஊரில் வீட்டு வாசலிலேயே கையுறை போட்டுக்கொண்டு இரண்டு தடவை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். ஒரு பழைய சாக்கு, தலையில் மாட்டும் டார்ச், மண்வெட்டி மூன்றும் சங்கிலியோடு ஒரே பையில் டிக்கியின் மேல்தட்டில் இருக்கட்டும். ஊர் திரும்பியதும் உப்பு போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள்.